நான்கு சட்டி நாற்றும் ஒரு முழம் மல்லியும்

பெங்களூருக்கு நான் கொண்டுபோன சாமான் நான்கு மண்சட்டி. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு நாள் நெல் நாற்று, ஒரு சாண் உயரம். எது எந்த விதை என்று தெரிவதற்காகச் சட்டிகளின் கழுத்தில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என்று நூல் சுற்றியிருந்தேன். மாதமோ ஆடி. இந்தக் கோலத்தில் ஒரு பெண்பிள்ளை பேருந்தில் ஏறினால் நம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? கண்டக்டர் பார்த்த மாத்திரத்தில் முன் சீட்டுக்காரரை எழுப்பிவிட்டார்.

"மொளப்பாரி வருது, எடம் உடுங்க."

"மொளப்பாரி இல்லீங்க. வெத நெல்லு. பெங்களூருல சோதன பண்ண எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

"பெங்களூருல எந்த அம்மன் கோயிலு?" என்று கேட்டார் பக்கத்து சீட்டு அம்மா.

வாதாடிப் பயனில்லை. எல்லை தாண்டுவதற்குள் நான்கு சட்டிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தாயிற்று. ஒரு பெரியவர் சட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கிப்போனார். எந்தச் சாமி உதவ வந்தாலும் வேண்டாம் என்று சொல்கிற நிலைமையில் நான் இல்லை.

ஆரணிப் பக்கம் எங்கள் ஊர். சீரகச் சம்பா போடுகிற இருபத்துமூன்று பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். விதை ஒன்றாக எடுப்போம், அரிசி ஒன்றாக விற்போம். அதற்குத் தலைவி நான். தலைவி என்பதைவிட மூக்கு என்று சொல்லலாம். விதைநெல் எது வந்தாலும் பத்து மணியை உரித்து வாயில் போட்டு மென்று, மூச்சை உள்ளே இழுத்து, "இது வேணாம், இது எடு" என்று சொல்வது பதினைந்து வருடமாக என் வேலை. "வளர்மதி மோந்தா சரியா இருக்கும்" என்பது ஊரில் பேச்சு.

போன வருடம் அந்தப் பேச்சு பொய்த்தது. வழக்கமாக எங்கள் அரிசியை எடுக்கிற பிரியாணிக் கடைக்காரர் ஒரு படி ஆக்கிப் பார்த்துவிட்டு மொத்த லோடையும் திருப்பி அனுப்பினார். "யம்மா, இது பொடி அரிசி. சீரகச் சம்பான்னா வாசன எங்க? இன்னொரு தபா இப்பிடி ஆச்சுன்னா உங்க ஊரு பக்கமே வர மாட்டேன்" என்றார். இருபத்துமூன்று வீட்டு விளைச்சல் சாதா அரிசியாகப் போயிற்று. இந்த வருடம் மூன்று இடத்திலிருந்து வேறு விதை கிடைத்திருக்கிறது. எதைப் போடுவது என்று ஆடி முடிவதற்குள் சொல்லியாக வேண்டும். மறுபடி தப்பினால் குழு கலைந்துவிடும்.

இதில் நான் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. கொரோனா வந்தபோது காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. காபி வெந்நீராயிற்று. சாணியை மிதித்தால்கூடக் காலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். பிறகு மெல்ல மெல்ல வந்தது, ஆனால் ஆள் மாறி வந்தது. வெங்காயம் தாளித்தால் மண்ணெண்ணெய் வாடை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்கிறோம். பாவம், அந்தக் கழுதைக்கும் கொரோனா வந்திருக்கலாம்.

போன வருடம் விதை பார்த்த அன்று பள்ளிக்கூட வராந்தாவில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணியை மென்றேன். ஒன்றும் தெரியவில்லை. இருபத்திரண்டு முகங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. "இதுதான்" என்று சொல்லிவிட்டேன். சிவப்பு நூல் சட்டியில் இருப்பது அந்த நெல்தான்.

பெங்களூரின் ஓரத்தில், சந்தாபுராவில், என் ஓரகத்தி செல்வி வீட்டில் தங்கினேன். கொழுந்தனார் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஊரின் அந்தக் கோடி, ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். செல்வி பொம்மனஹள்ளியில் துணி தைக்கிற கம்பெனிக்குப் போகிறாள். என்னையும் சட்டிகளையும் பார்த்ததும் வாசலிலேயே ஆரத்தி எடுக்காத குறை.

"இன்னாக்கா இது, ஆத்தாளையே கையில தூக்கினு வந்துட்டீங்க?"

"ஆத்தாளும் இல்ல, காத்தாயியும் இல்ல. வெளிச்சமா எங்கியாச்சும் வைக்கணும்."

பால்கனியில் வாஷிங்மெஷின் மேல் வைத்தோம். அரை மணிக்குள் மாடியிலிருந்த இரண்டு வீட்டுப் பெண்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தி சேலம், ஒருத்தி கோலார். கோலார்க்காரி கன்னடத்தில் கேட்ட வேண்டுதல் என்னவென்று செல்வி பிறகு சொன்னாள்: வீட்டுக்காரருக்கு டூட்டி பகலுக்கு மாற வேண்டுமாம். மாறியதா என்று தெரியவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. காலைச் சாப்பாடு மெட்ரோ நிலையத்துக்கு எதிரே ஓர் ஓட்டலில். இட்லி நம் இட்லிதான். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் சாம்பார் தித்தித்தால் சமைத்தவளைத் திட்டுவார்கள், இங்கே இன்னொரு கரண்டி கேட்கிறார்கள். இரண்டாம் கரண்டியில் எனக்கும் பிடித்துப்போயிற்று. நாக்கு மட்டும் எனக்கு ஒழுங்காக வேலை செய்கிறது.

மெட்ரோவில் பெட்டி பைகளை எந்திரத்துக்குள் விட்டுத்தான் உள்ளே அனுப்புகிறார்கள். நான்கு சட்டியையும் அந்தக் கறுப்புப் பட்டையில் வைத்தேன். காவலுக்கு நின்ற ஆள் கையைக் காட்டி நிறுத்தினார். மண் கொட்டும் என்று திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து குங்குமத்தைப் பார்த்தார். "பூஜைக்கா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். இந்தத் தடவை நான் திருத்தவில்லை, தலையை ஆட்டினேன். "அப்படியானால் இதற்குள் விடக் கூடாதம்மா" என்று சொல்லி, நான்கையும் ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். பின்னால் வரிசையில் நின்ற ஐ.டி. பிள்ளைகள் ஒருவரும் முனகவில்லை.

ஆராய்ச்சிக்கூடம் நகரத்தின் வடக்குக் கோடியில். இரண்டு ரயில், ஒரு பஸ், ஓர் ஆட்டோ. எங்கள் ஊரிலிருந்து வேலூர் போய்த் திரும்புகிற நேரத்தில் இங்கே ஒரே ஊருக்குள் போய்ச் சேர்ந்தேன். அங்கே எனக்காகக் காத்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சுமா மேடம், நெல் விஞ்ஞானி, மைசூர்க்காரர். கன்னடம் கலந்த தமிழ். இன்னொருவர் அன்பரசு, சோதனைக்கூட உதவியாளர், நாற்பது வயது இருக்கும். கழுத்துச் சங்கிலியில் சின்னதாக ஒரு புத்தர். மூன்று தலைமுறையாக அல்சூர்ப் பக்கம் இருக்கிற தமிழர்.

குங்குமம் வைத்த சட்டிகளைப் பார்த்து மேடம் சிரித்துவிட்டார். "வளர்மதி அவ்ரே, எங்க மெஷினுக்கே நீங்க பூஜை பண்ணிட்டு வந்துட்டீங்க."

அன்பரசு ஒவ்வொரு சட்டியிலும் நாற்று நாற்றாகப் பிரித்து, இலை நுனியைக் கிள்ளி, விரல் நுனி அளவே உள்ள குப்பிகளில் போட்டார். ஒரு குப்பிக்கு ஓர் இலை, ஓர் எண். அதை அரைத்து, அதிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுப்பார்களாம். என்ன தேடுகிறார்கள் என்று கேட்டேன். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"நெல்லுக்குள்ள வாசனைப் பொருள் சேர வழி இருக்கு. ஆனா ஒரு ஜீன் காவல்காரன் மாதிரி நின்னு அத சேர விடாது. வாசனை நெல்லுல அந்த ஜீன்ல எட்டு எழுத்து விட்டுப் போயிருக்கு. அஷ்டே, அவ்வளவுதான். காவல்காரன் வேலைக்கு ஆக மாட்டான். வாசனை தங்கிடும்."

"அப்ப ஒண்ணு கெட்டுப் போனதாலதான் மணக்குதா?"

"ஹௌது, ஆமா. கெட்டது நல்லதுக்கு."

எனக்கு அது பிடித்திருந்தது. எல்லா வாசனை நெல்லிலும் இதே எட்டு எழுத்துதான் குறையும் என்று சொல்ல முடியாது, அதனால் மனித மூக்கும் வேண்டும் என்றார் மேடம். மறுநாள் காலை மோந்து பார்க்கிற சோதனை. ஆறு பேர் உட்கார வேண்டும், ஒருவருக்கு ஜலதோஷம். "நீங்க உக்காருங்க. உங்க ஊர்ல நீங்கதான் மூக்குன்னு போன்ல சொன்னாங்களே." எங்கள் குழுவில் எவளோ பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறாள். முடியாது என்று எப்படிச் சொல்வது? சரி என்று சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது மேடம் விதிகளைச் சொன்னார். சென்ட் கூடாது, பவுடர் கூடாது, வாசனை சோப்பு கூடாது, ஊதுபத்திப் பக்கம் நிற்கக் கூடாது. காலையில் வெங்காயம், பூண்டு, காபி கூடாது. நான் விரல் விட்டு எண்ணி மனப்பாடம் செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை வெறும் தண்ணீரில் குளித்தேன். திருநீற்றில்கூட வாசனை கலக்கிறார்கள் என்று அதையும் விட்டேன். சர்க்கரை தொட்டு இரண்டு இட்லி. நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செல்வி பின்னால் வந்து நின்று ஜடையில் எதையோ செருகினாள்.

"ஆடி வெள்ளி அதுவுமா மொட்டத் தலையோட போவாதீங்கக்கா."

தலையை ஆட்டாமல் காட்டிக்கொண்டு இட்லியை முடித்தேன். சோப்பையும் திருநீற்றையும் யோசித்தவள் பூவை யோசிக்கவில்லை. பூவை யாராவது சென்ட்டில் சேர்ப்பார்களா? பொட்டு மாதிரி, வளையல் மாதிரி, அது உடம்போடு இருப்பது. மெட்ரோவில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் கன்னடத்தில் எதையோ சொல்லித் தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். "எந்த மார்க்கெட் பூ? பெட்டியே மணக்கிறது" என்று எதிர் சீட்டுக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார். பாராட்டை வாங்கிக்கொண்டு சிரித்தேன்.

சோதனை அறையில் ஆறு நாற்காலிகள் சுவரைப் பார்த்தபடி. இடையிடையே அட்டைத் தடுப்பு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாதாம். நான் பையில் கொண்டுவந்திருந்த நெல்லை உரித்து, சின்னக் கண்ணாடித் தட்டுகளில் போட்டு, கைபட்டால் எரிகிற ஒரு காரநீரை ஊற்றி மூடி வைத்திருந்தார்கள். என் நான்கு நெல்லோடு, வாசனை உள்ளதென்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்று, இல்லாதது என்று தெரிந்த ஒன்று, ஆக ஆறு தட்டு. மேலே எண் மட்டும். எது எது என்று மேடத்துக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் தட்டைத் திறந்து மோந்தேன். ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. ஆறும் அப்படியே. ஆறுக்கும் "இல்லை" என்று எழுதினேன்.

அன்பரசு சீட்டுகளை வாங்கி வரிசையாகப் பார்த்தார், மறுபடி பார்த்தார், மேடத்திடம் கொடுத்தார். என்னைத் தவிர ஐந்து பேரும் ஆறு தட்டுக்கும் ஒரே சொல்லைத்தான் எழுதியிருந்தார்கள்: மல்லி.

மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாற்காலிகளின் பின்னால் நடந்து வந்து என் பின்னால் நின்றார். "வளர்மதி அவ்ரே. தலை."

கை தானாகப் பின்னால் போயிற்று. ஒரு முழம், நெருக்கக் கட்டியது, அப்போதுதான் நன்றாக விரிந்திருந்தது. ஐந்து பேரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள், இங்கே ஆறு தட்டு நெல்லும் மணந்துவிட்டது.

"பரவாயில்ல. நாளைக்கு மறுபடி பண்ணலாம்" என்றார் மேடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு வாசனை வரலையா?" என்று கேட்டார்.

"பழகிப் போச்சுங்க மேடம்."

"அது சரி. நம்ம தலைப் பூ கொஞ்ச நேரத்துல நமக்கே தெரியாது."

நல்ல மனுஷி, எனக்கு வழி விட்டார். ஆனால் எனக்குத் தெரியும். செல்வி செருகிய அந்த நிமிஷத்திலேயே எனக்கு வாசனை வரவில்லை. கொண்டுவந்த நெல்லில் பாதி வீணாகிவிட்டது. இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருந்தது. வெளியே வந்து பூவைக் கழற்றி ஒரு செம்பருத்திச் செடியின் மேல் போட்டுவிட்டு நின்றேன்.

அன்பரசு சாப்பிடக் கூப்பிட்டார். பக்கத்தில் தொன்னை பிரியாணிக் கடை. மந்தார இலைத் தொன்னையில் பச்சை நிறமாகப் பிரியாணி வைக்கிறார்கள். சீரகச் சம்பாவில்தான் செய்வார்கள். ஆடி வெள்ளியில் நான் கறி தொட மாட்டேன் என்றேன்.

"தொடாதீங்க. உக்காருங்க, தயிர்சாதம் சொல்றேன். அக்கா, ஒண்ணு கேக்கட்டா? தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு மூக்கு போயிடுச்சா?"

முன்பின் தெரியாத ஆள். அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். காய்ச்சல், காபி, மண்ணெண்ணெய் வாடை, பள்ளிக்கூட வராந்தா, "இதுதான்" என்று சொன்னது வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பிரியாணியைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கும் போச்சுக்கா. எட்டு மாசம். என் பொழப்பே மூக்குதான், பேஜாராயிடுச்சு. சொன்னா வேல போயிடுமோன்னு நானும் சும்னே எழுதிட்டு இருந்தேன். பக்கத்து ஆளு மூஞ்சியப் பாத்து எழுதறது. மேடம் கண்டுபுடிச்சிட்டாங்க. திட்டல. 'இல்லைன்னு எழுது, இல்ல தெரியலைன்னு எழுது, ரெண்டும் வேற வேற'ன்னாங்க. அன்னிக்குத்தான் அந்த அட்டத் தடுப்பு வந்துச்சு."

"அப்புறம் மூக்கு வந்துச்சா?"

"தினம் காலைல கிராம்பு, எலுமிச்ச, ஏலக்கா, நீலகிரித் தைலம். நாலு டப்பா. மோந்து மோந்து வரவச்சேன். இன்னும் ஃபுல்லா வரல. இந்தாங்க, சாப்பிடத்தானே கூடாது? மோந்து பாருங்க."

தொன்னையை என் பக்கம் தள்ளினார். எந்த அம்மனும் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று தைரியம் சொல்லிக்கொண்டு குனிந்தேன். கிராம்பு தெரிந்தது. புதினா தெரிந்தது. அதற்கும் கீழே வேறொன்று லேசாக வந்து போயிற்று. இன்னொரு முறை இழுத்தேன், வரவில்லை. ஆனால் வந்தது வந்ததுதான். பக்கத்து மேசைக்காரர், ஒருவர் தொன்னைக்குள் இன்னொருவர் முகத்தை விட்டுக்கொண்டிருப்பதை வாயைத் திறந்தபடி பார்த்தார்.

சனிக்கிழமை காலை செல்வி கனகாம்பரத்தோடு வந்தாள். இது வாசனையே இல்லாத பூ, இதிலென்ன தப்பு என்று வாதம் வேறு. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். மேல்மாடியிலிருந்து கோலார்க்காரி சிரித்தாள்.

மறுபடி ஆறு தட்டு, ஆறு எண். இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வந்தேன். இரண்டு தட்டில் நிச்சயமாக இருந்தது, "உண்டு" என்று எழுதினேன். இரண்டில் நிச்சயமாக இல்லை. மற்ற இரண்டில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு "தெரியவில்லை" என்று எழுதினேன். பதினைந்து வருடத்தில் நான் விதையைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. எழுதியதும் தோளிலிருந்து மூட்டையை இறக்கிவைத்தது போலிருந்தது.

மத்தியானம் இலைச் சோதனையின் முடிவும் வந்தது. கணினித் திரையில் ஒரு கறுப்புப் படம், அதில் வெள்ளை வெள்ளையாகக் குறுங்கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு நாற்று. வாசனை நெல்லின் துண்டு சின்னது, லேசானது, அதனால் அதிக தூரம் ஓடிக் கீழே போய் நிற்கும். மற்றதன் துண்டு மேலேயே தங்கிவிடும். இவ்வளவுதான், யாரும் படிக்கலாம்.

சிவப்பு நூல் சட்டியின் கோடுகள் எல்லாம் மேலே நின்றன. ஒன்றுகூடக் கீழே இல்லை. நான் "இதுதான்" என்று சொன்ன நெல். சந்தேகம் இருந்தவரை ஒரு ஆறுதலும் இருந்தது, அதுவும் போயிற்று. இருபத்துமூன்று வீடு ஒரு வருடம் உழைத்தது என் வாய்ச்சொல்லை நம்பி. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அன்பரசு வேறு பக்கம் திரும்பி எதையோ கழுவினார்.

கறுப்பு நூல் கலப்படம்: சில மேலே, சில கீழே. வெள்ளை நூல் எல்லாம் கீழே. பச்சை நூலும் எல்லாம் கீழே. மேடம் மூக்குச் சீட்டுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வெள்ளைக்கு ஆறு பேரும் "உண்டு" எழுதியிருந்தோம். சிவப்புக்கு ஆறு பேரும் "இல்லை"; நானும்தான். கறுப்புக்கும் பச்சைக்கும் நான் "தெரியவில்லை". பச்சைக்கு மற்றவர்களில் மூன்று பேர் "இல்லை".

வெள்ளை விதை எங்களிடம் ஒரு சிப்பம்கூடத் தேறாது, மூன்று பேர் நிலத்துக்குக் காணும். எல்லோருக்கும் போதுமான அளவு இருப்பது பச்சைதான். மூக்கு வேண்டாம் என்கிறது, படம் வேண்டும் என்கிறது. எதை நம்புவது?

"இந்த பச்சை எப்ப அறுத்தது?" என்று கேட்டார் மேடம்.

"சித்திரையில. நல்ல வெயிலு. களத்துலயே காயப்போட்டாங்களாம்."

"அதுதான். வெயில்ல முதிர்ந்து வெயில்ல காஞ்சா வாசனை ஓடிப் போயிடும். ஜீன் எங்கயும் போகல. ஆடியில விதைச்சு, தை மாசம் பனியில அறுத்து, நிழல்ல காய வைங்க."

"வாசன வந்துடுமா மேடம்? உறுதியா?"

"ஜீன் உறுதி. மழையும் வெயிலும் என் கையில இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூக்கை மட்டும் நம்பியிருந்தா இத நீங்க வீசியிருப்பீங்க" என்றார்.

அன்பரசு வாசல்வரை வந்தார். ஊரில் காரநீர் வேண்டாம், ஆபத்து; மூடி போட்ட டம்ளரில் உரித்த அரிசியைப் போட்டு வெந்நீர் ஊற்றி வைத்துத் திறந்தாலே போதும் என்று சொல்லிக்கொடுத்தார். "ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம உக்காரவைங்கக்கா. அதான் மேட்டரு." என் கையில் ஒரு சின்ன டப்பா கொடுத்தார். கிராம்பு.

திரும்பும்போது சட்டிகள் என்னோடு வரவில்லை. நாற்றைக் கிள்ளியாயிற்று, மீதியை மேடம் வளர்க்கக் கேட்டார். வெறுங்கையோடு பஸ்ஸில் ஏறினேன். ஒருவரும் எழுந்து இடம் தரவில்லை. ஓசூர் வரை நின்றுகொண்டே வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். முதல்நாளே எல்லோருக்கும் போன் போட்டு, குளித்துவிட்டு வாருங்கள், சோப்பு வேண்டாம், பவுடர் வேண்டாம் என்று சொல்லி, கடைசியில் அழுத்திச் சொன்னேன்: பூ வேண்டாம். "ஆடி வெள்ளியிலயா? உனக்கு இன்னா பைத்தியமா?" என்று பதினாறு பேராவது கேட்டிருப்பார்கள். ஆனாலும் அப்படியே வந்தார்கள்.

பள்ளிக்கூட வராந்தாவில் சுவரைப் பார்த்து வரிசையாக உட்காரவைத்தேன். டம்ளர்களைத் திறப்பதற்கு முன்னால் சொல்லவேண்டியதைச் சொன்னேன். போன வருடம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரிந்த மாதிரி சொன்னேன், உங்கள் நஷ்டம் என்னால் வந்தது என்றேன். எனக்கு அவர்கள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

மரகதம், எங்களில் மூத்தவள், புருஷன் போய்ப் பத்து வருடமாகத் தனியாக நிலம் பார்க்கிறவள், திரும்பாமலே பேசினாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டி. நானும் நாலு மணி மென்னேன். சப்புன்னு இருந்துச்சு."

"அப்ப ஏன்க்கா சொல்லல?"

"நீ சொல்லிட்டியே. உன்னவிட என் மூக்கு பெரிசான்னு உட்டுட்டேன்."

"நானுந்தான்" என்றது இன்னொரு முதுகு. மூன்றாவதாக ஒரு முதுகு சிரித்தது. திட்டுவார்கள் என்று தயாராக வந்தவளுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

அப்போது தெருவில் பால் சொசைட்டிக்காரர் வண்டியை நிறுத்தினார். வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார், ஒரு தலையிலும் பூ இல்லாததைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா ஆச்சு? யார் வூட்ல?"

"போன வருசத்து வெத செத்துப் போச்சு. துக்கத்துக்கு வந்துகிறோம். நீ போய்யா" என்றாள் மரகதம். அவர் போனதும் தன் தலையைத் தடவிக்கொண்டு இருபுறமும் பார்த்தாள். "பத்து வருசத்துல இன்னிக்குத்தான்டி எல்லாரும் என் கட்சி."

பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எது எந்த நெல் என்று எனக்கும் தெரியாமல் பள்ளிக்கூட ஆயா எண் ஒட்டியிருந்த டம்ளர்களைத் திறந்தோம். எண்ணை மட்டும் சொல்லி, கிராம்பை இடையில் மோந்து பார்த்து, ஒவ்வொருத்தியும் தன் சீட்டில் தானே எழுதினாள். எழுதத் தெரியாத இருவர் கோடு போட்டார்கள். வெள்ளைக்கு இருபத்துமூன்றும் "உண்டு". சிவப்புக்கு ஒருத்தியும் "உண்டு" எழுதவில்லை. பச்சைக்குப் பதினெட்டுச் சீட்டில் "தெரியவில்லை". ஐந்தில் "லேசாக உண்டு". அதற்குப் பிறகுதான் பெங்களூர்ப் படத்தை எடுத்துக் காட்டினேன். கீழே ஓடி நின்ற கோடுகளை விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்கள்.

ஆடிப் பட்டம் தேடி விதை என்று சும்மாவா சொன்னார்கள். மறுநாளே பச்சை நூல் விதையை ஊறவைத்தோம். அந்த ஐந்து சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் ஒன்று என் கையெழுத்து. அதை எழுதும்போது நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.